தனம் அக்காவின் கரிப்பெட்டியும் சிவப்பு மெழுகும்

தனம் அக்கா இறந்துவிட்டார். பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இஸ்திரி போடுவாரே, அவர்தான். மூன்று நாள் காய்ச்சல்... இன்று காலை முடிந்துவிட்டது.

என் போஸ்ட் என்பதால் விளையாட்டு என்று நினைப்பீர்கள். இந்த முறை இல்லை. விளையாடத் தெம்பும் இல்லை.

கரண்ட் வந்தால் எங்கள் தெருவே பர்மிய மொழியில் "மீ லாபி", கரண்ட் வந்தாச்சு என்று கத்தும். ஒருநாள் கரண்ட் வராமலே நான் கத்தினேன். நாலு மாடிக்காரர்களும் தண்ணி மோட்டார் போட ஓடினார்கள்.

அக்கா மட்டும் தலையைத் தூக்கவில்லை. "எம் பெட்டிக்குக் கரிதான்டி சாப்பாடு. நீ தொண்டையக் கிழிச்சுக்காத" என்றார்.

அந்தக் கரிப்பெட்டி இல்லாவிட்டால் எங்கள் மணி அண்ணன் இன்று ஜப்பானில் இல்லை.

ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விடும் கடையில் வேலை. ஆளை எடுப்பதற்கு முன் வீடியோ காலில் செய்து காட்டச் சொன்னார்கள். ஸ்கீ நன்றாகச் சறுக்க, அதன் அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து, ஆறியதும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அவன் வயதுப் பையன்களை இங்கே பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதை நினைத்து அம்மாவுக்குத் தூக்கமே போயிருந்தது. வெளியே போக அவனுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான்.

பழைய ஜப்பான் சாமான் கடையில் ஒரு ஜோடி ஸ்கீ கிடைத்தது. மெழுகுக்கு, கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி. சுரண்ட, என் பிளாஸ்டிக் ஸ்கேல். எங்கள் வீட்டு மின்சாரப் பெட்டி வேண்டிய நேரத்தில் சூடானதே இல்லை. அதனால் அக்கா துணி முடித்ததும் அவர் பெட்டியை நான் மேலே தூக்கி வருவேன்.

இந்த வெயிலில் மெழுகு இறுகுமா... சுரண்டினால் அல்வா மாதிரி வந்தது. கடைசியில் மீன்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, அதன்மேல் ஸ்கீயைப் படுக்க வைத்தோம்.

அக்கா மேலே வந்து மோந்து பார்த்தார். "மணி, இது சறுக்கவா, கொழம்பு வைக்கவா?"

எல்லாம் ஒழுங்காகப் போனால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் பெட்டியின் அடியில் சிவப்பு மெழுகுவர்த்தியைத் தடவிக் கொடுத்தேன். அண்ணன் தேய்த்தான், ஸ்கீக்கு ரத்தம் வந்துவிட்டது. அவன் அலறினான், நான் சிரித்தேன். பெட்டியைத் துடைக்காமலே கீழே கொண்டுபோய் வைத்தேன்.

மறுநாள் கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர் வெள்ளைப் படுக்கை விரிப்போடு வந்து நின்றார். நடுவில் சிவப்புத் திட்டு.

"நான் பாக்கல. எந் தப்புதான்" என்றார் அக்கா.

அந்தக் கெஸ்ட் ஹவுஸ் துணி அதோடு நின்றுபோனது. அக்காவுக்கு அதுதான் பெரிய வேலை.

நான் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வாய் திறக்கவில்லை. சொன்னால் பெட்டி கிடைக்காது, அண்ணனுக்கு இன்டர்வியூ அந்த வாரம்.

இன்டர்வியூ அன்றும் கரண்ட் இல்லை. கீழே போய்க் கேட்டேன். அக்கா கரியை ஊதி, மூடியைச் சாத்தி, பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு வெள்ளதானே?"

தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும்.

"வெள்ளதான்க்கா."

"போ போ, சூடு ஆறிரும்."

போய்விட்டேன். மன்னிப்பு நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று... அப்புறம் தினமும் அவரைத் தாண்டித்தான் ஏறினேன், இறங்கினேன்.

அண்ணன் பாஸாகிவிட்டான். இப்போது அங்கே நிஜப் பனியில் நின்று சுரண்டிக்கொண்டிருக்கிறான். இன்று அக்கா போன செய்தியை அனுப்பினேன்.

வந்தது ஒரே வரி: "அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல."

பெட்டி கீழே பலகைமேல்தான் இருக்கிறது. உள்ளே பாதி எரிந்த கரி. எங்கள் படிக்கட்டு பகலிலும் இருட்டு, கரண்ட் வழக்கம்போல. பெட்டி பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

வெள்ளதான்க்கா.

போய்ட்டு வாங்க.