வளைந்த கோடுகளும் என் உள்ளங்கைச் சூடும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் என் பட்டறைக்கு வழி சொல்வார்கள். பம்புக்குள் தண்ணீர் கசியாமல் அடைக்கிற எஃகு வளையங்களை என்னைப் போலத் தேய்த்துக் கொடுக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

போன ஆடியில் ஒரு பெரிய பம்பு கம்பெனி முதன்முதலாக என் வளையங்களைச் சோதிக்க ஆள் அனுப்பியது. தேறினால் வருஷம் முழுக்க வேலை. தேறாவிட்டால், அதை நம்பிப் புதிதாக இறக்கிய மெஷின் தூசி படிந்து நிற்கும். வந்தவர் என் மகள் வயதில் ஒரு இன்ஜினியர். மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கையும் கனத்த வட்டக் கண்ணாடி ஒன்றையும் மேசைமேல் வைத்தார்.

"ஐயா, ஒவ்வொண்ணாக் குடுங்க."

வந்தவருக்கு எதையும் இரு கையால் தருவதுதான் எங்கள் முறை. அவர் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை வளையத்தை உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்திருந்து, பிரசாதம் போல நீட்டினேன். அதன்மேல் கண்ணாடியை வைத்தார். அடடா! வெறும் எஃகில் கறுப்பும் மஞ்சளுமாக வரிகள் எழுந்தன!

"இதென்னுங்க அம்மணி, புலித்தோலாட்டம்?"

"வெளிச்சம் ஒரு அலைங்கய்யா. கண்ணாடியோட அடிப்பக்கம் பட்டு ஒண்ணு திரும்புது, வளையத்து மேல பட்டு ஒண்ணு திரும்புது. அலையோட மேடும் மேடும் சேர்ந்தா மஞ்சளு. மேடும் பள்ளமும் சேர்ந்தா ஒண்ணையொண்ணு அழிச்சுப்போடும், அங்கதான் கறுப்பு."

வெளிச்சத்தோடு வெளிச்சம் சேர்ந்தால் இருட்டா! இத்தனை காலம் பளபளப்பை மட்டும் பார்த்து வேலையை மதிப்பிட்டவன் நான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"கோடு நேரா இருந்தாத்தானுங்க பரப்பு சமம். இது வளைஞ்சிருக்குதுங்களே."

அடுத்ததையும் அப்படியே பொத்தி நீட்டினேன், அதிலும் கோடு வளைந்தது. அதற்கடுத்ததிலும். அவர் முகம் மாறியது. ஆனாலும் தோற்று நிற்கிற ஜாதகம் எனக்கில்லை. "முதல்ல பார்த்ததை இன்னொருக்கா வெச்சுப் பாருங்க" என்றேன்.

அது இதற்குள் கருங்கல் பலகைமேல் கிடந்து ஆறியிருந்தது. வைத்தார். அத்தனை கோடும் நேர்க்கோடு!

வளையங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி சிரித்தாள். "ஏனுங்க, மாப்பிள்ளை கையைப் புடிச்சாப்பல பொத்திக்கிட்டே நின்னா அது சூடாகாதுங்களா?"

நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

"நெசந்தானுங்க" என்றார் இன்ஜினியர். "கைச்சூட்டுக்கே எஃகு அங்கங்க இம்மி உப்பிக்கும். ஆற வெச்சு நான் பார்த்திருக்கோணும்."

கடைசியாகச் சோதித்த வளையத்தை, மேலே வைத்த கண்ணாடியோடு தொடாமல் விட்டோம். மூவரும் குனிந்து பார்த்தோம். வளைந்த கோடுகள், நாண் அவிழ்த்த வில்லைப் போல எங்கள் கண்முன்னே மெல்ல நிமிர்ந்தன! நான் கைதட்டிவிட்டேன். என் கைச்சூட்டை வெளிச்சம் எழுதிக் காட்டுகிறது! இந்த ஊரில் வேறு எவன் பார்த்திருப்பான்?

மீதி வளையங்களை அவரே இடுக்கியால் எடுத்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுகூடக் கழியவில்லை. ஆர்டர் எனக்கே.

காபி வந்தது. பழக்கம் விடுமா, டம்ளரை இரு கையாலும் பொத்தி நீட்டினேன்.

"இதை எவ்வளவு நேரம் வேணுமின்னாலும் புடிச்சுக்குங்கய்யா" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.