சேலத்தில் வாங்கிய நாற்பது பொரிப் பாக்கெட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்துவிட்டேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் எழுத வருவது ஒரு வெட்கம். எழுதப்போகிற சங்கதி அதைவிட வெட்கம். பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டு ஆரம்பிக்கிறேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. அரைக் கிலோ துவரம்பருப்புக்கு நாலு கடையில் விலை கேட்பேன். ஒரு ரூபாய் குறைத்து வாங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். ஏற்காடு டவுனில் மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்தால், "வாங்க, இன்னைக்கு எதுக்கு வெலை கேக்கறீங்க?" என்பார். என்ன வேணும் என்று கேட்கவே மாட்டார்.

வாழவந்திப் பக்கம் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில், ஆயுத பூஜையன்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொரிப் பாக்கெட் கொடுப்பது வழக்கம். மொத்தம் நாற்பது பிள்ளைகள். அந்த வருஷம் வாங்குகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். டவுன் கடையில் பாக்கெட் இருபது ரூபாய். "சேலத்துல இதுல பாதிதானுங்க" என்று அந்தக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, பூஜையன்று காலையில் பஸ் ஏறினேன்.

சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவதில் பதினாறுக்கு முடித்தேன். பஸ் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. எப்போதும் சேர்ப்பதில்லை. பாக்கெட் கொஞ்சம் தட்டையாகத்தான் இருந்தது.

திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏற ஏற, பக்கத்தில் வைத்திருந்த சாக்கு பருத்துக்கொண்டே வந்தது. மேலே வந்து பிரித்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் தலையணை மாதிரி இருக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் காரியத்துக்கு வாங்கியதைச் சாமியே நிறைத்துக் கொடுத்துவிட்டார் என்று சத்தியமாக நம்பினேன். இவ்வளவு பெரிய பாக்கெட் ரெண்டு பிள்ளைகளுக்குத் தாராளம் என்று நினைத்து, வழியெல்லாம் வீடு வீடாக நின்று, "சேலத்து வெலையைப் பாருங்க" என்று பெருமை பேசி இருபதைக் கொடுத்துத் தீர்த்தேன்.

சாயங்காலம் பூஜை முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பாதி பாதியாகப் பிரிக்க முதல் பாக்கெட்டைக் கிழித்தேன். புஸ்ஸென்று காற்றுப் போனது. அடியில் ரெண்டு கைப்பிடி பொரி.

முன்னால் நின்ற சின்னப் பெண், "மலையேறுனா சிப்ஸ் பாக்கெட்டும் இப்படித்தானுங்க ஊதும்" என்றாள். காற்றுக்கு எதற்குக் காசு என்று ஆயுசில் சிப்ஸ் வாங்காதவன் நான். எனக்கு எப்படித் தெரியும்?

சாமி நிறைத்த கதையை மத்தியானமே என்னிடம் கேட்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, சாமி நெறச்சது இந்தக் காத்தைத்தானுங்களா?"

கொடுத்ததைத் திரும்பக் கேட்க வாய் வருமா? வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் பறந்தேன். கடைக்காரர் பூஜை முடித்து ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். குனிந்து உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அவர் பூஜைக்கு வைத்திருந்த பொரி மூட்டையில் முக்கால்வாசி மிச்சமிருந்தது. அப்படியே தூக்கி வைத்தார்.

"படி எவ்வளவுங்க?" என்று கேட்டுவிட்டேன். நாக்கு பழகிப்போச்சு.

"சாமி பொரிங்க. இன்னைக்கு ஒரு நாளாச்சும் வெலை கேக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்புறம்தான் சிரித்தார்.

நாற்பது பிள்ளைகளும் மடி நிறைய வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையார் என் மானத்தை அந்தக் கடையில் வைத்துக் காப்பாற்றினார்.

படிக்கிறவங்க இதை நாலு பேருக்குச் சொல்லுங்க. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. கையிலிருந்து கைக்குப் போகப் போக, அந்தப் பாக்கெட் மாதிரி இதை ஊதவிட்டுடாதீங்க.