மிக்ஸி ஜாருக்கு விட்டுக்கொடுக்காத கத்தி அலமாரி

மற்ற வியாபாரத்தில் வாடிக்கையாளர் சரக்கை ஏற இறங்கப் பார்ப்பார். கத்தி வியாபாரத்தில் கடைக்காரியை ஏற இறங்கப் பார்ப்பார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய மார்க்கெட் பக்கத்தில் நானும் என் நாத்தனார் வசந்தியும் பங்குக்குப் பாத்திரக் கடை நடத்துகிறோம். மலையேறுகிறவர்களும் தோப்பு வைத்திருப்பவர்களும் வாங்குவார்கள் என்று நம்பி, மடக்க முடியாத கனத்த சர்வைவல் கத்திகளை இறக்கி ஓர் அலமாரி முழுக்க அடுக்கினேன். ஒவ்வொன்றும் நானே விசாரித்து, தூக்கிப் பார்த்து, தேர்ந்தெடுத்தது. வசந்தி ஒரே வரியில் கெடு வைத்துவிட்டாள்: "தீபாவளிக்குள்ள இது போகலைன்னா அலமாரி மிக்ஸி ஜாருக்கு, அண்ணி." எனக்குச் சுருக்கென்றது.

திசைகாட்டி வச்சது

மூலக்குளத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். நண்பர்களோடு மலையேறப் போகிறாராம். கத்தியின் முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் தீக்குச்சி, மூடியில் திசைகாட்டி, எல்லாம் வேண்டும்.

"தீக்குச்சி வைக்க இடம் இருந்தா பிடி உள்ள காலியா இருக்குன்னு அர்த்தம் தம்பி. அலகு இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஒரே துண்டா ஓடணும்" என்று சொல்லி, என் கத்தியைத் திருப்பி, பிடியின் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவில் ஓடும் இரும்பைக் காட்டினேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவர் பையை மாட்டிக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரி ஆன்ட்டி, காட்டுல வழி தெரியலைன்னா உங்க இரும்பு வந்து சொல்லுமா?"

எண்ணெய் யார் தடவுவது?

நம்மூர்க் கடல் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. அதனால் இரண்டு வகையும் வைத்திருந்தேன். ஒன்று நன்றாகக் கூர் பிடிக்கும், ஆனால் துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருவேறும். இன்னொன்று லேசில் துருப்பிடிக்காது, தீட்டத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். முத்தியால்பேட்டையிலிருந்து வந்த தம்பதியிடம் இதை ஒப்பித்தேன். கணவர் முதல் வகையைக் கையில் எடுத்து, ஏதோ காட்டுக்கே கிளம்பிவிட்டவர் போல நெஞ்சை நிமிர்த்தினார். மனைவி அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்: "எண்ணெ தடவுறதெல்லாம் இவரால ஆவாது, தலைக்கே நான்தான் ஞாபகப்படுத்துறேன். துருப்பிடிக்காததையே குடுங்க." அதுதான் என் முதல் போணி.

நீட்டிய கை

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், பாதி ஆயுளை அங்கேயே கழித்தவர், பிரான்ஸில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாகக் கத்தி கேட்டு வந்தார். கையை நீட்டினார். நான் வழக்கம்போலக் கத்தியை மேஜைமேல் வைத்தேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "என்னை நம்பலையா மதாம்?"

"ஐயோ, கைல குடுத்தா சண்டை வரும்னு வச்சிதான் குடுப்போம், முசியே" என்று வசந்தி பதறினாள். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே கத்தியைப் பரிசாக வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு காசாவது கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் உறவு அறுந்துவிடுமாம். கத்தியை மேஜையிலிருந்து அவரே எடுத்து உறைக்குள் செருகினார்: "இங்க கைல குடுத்தா சண்டை, அங்க சும்மா குடுத்தா சண்டை. கத்திக்கு எந்த ஊர்லயும் நல்ல பேரு இல்ல, மதாம்!"

சவுக்குக் கட்டை

தீபாவளி நெருங்கிவிட்டது. அலமாரி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. வசந்தி மிக்ஸி ஜார்களை இறக்கித் தரையில் தயாராக அடுக்கிவிட்டாள். அவற்றைத் தாண்டித்தான் நான் தினமும் கல்லாவுக்குப் போக வேண்டும். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அப்போது வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பைக்கில் ஒரு சவுக்குக் கட்டையோடு வந்து இறங்கினார். "வேற எடத்துல வாங்கன கத்தி, தென்னமட்டைய வெட்டறப்ப புடி கைல, அலகு கெணத்துல. நீங்க இதப் பொளந்து காட்டுங்க, வாங்கிக்கிறேன்" என்றார். காய்ந்த சவுக்கு. வசந்தி என் காதருகில், "ஒடைஞ்சா இன்னைக்கே அலமாரிய காலி பண்ணிடணும் அண்ணி" என்றாள். எனக்கும் ரோஷம் வந்தது. "பண்ணிக்கோ" என்றேன்.

கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியைக் கூர் கீழாகக் குறுக்கே வைத்து, முதுகில் மரச்சுத்தியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். மார்க்கெட்டில் கூட்டம் சேர ஆளனுப்ப வேண்டுமா என்ன? மூட்டை தூக்குகிறவர்கள், பூக்காரம்மா, மீன் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பாதிக்கட்டையில் கத்தி சிக்கி நின்றுவிட்டது. "போச்சுடா" என்று யாரோ சொன்னார்கள்.

"நகருங்க அண்ணி!" கல்லாவில் இருந்து குதித்து வந்த வசந்தி, சுத்தியைப் பிடுங்கி, வெளியே நீட்டியிருந்த கத்தி முனையில் போட்டாள் பாருங்கள் ஓர் அடி! கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. விசில் பறந்தது. விவசாயி பிடியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அலகின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "அசையவே இல்லியே" என்று இரண்டு கத்தி எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் கைகள் நீண்டன. கடை மூடுவதற்குள் அலமாரி துடைத்து வைத்தாற்போல் காலி. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

காலி அலமாரியையும் தரையில் இருந்த ஜார்களையும் வசந்தி மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஜாரு தரையிலயே கெடக்கட்டும். அடுத்த சரக்குக்குப் போன் போடுங்க அண்ணி."

ஆக, காட்டில் தாக்குப்பிடிக்க நல்ல கத்தி வேண்டும், அந்தக் கத்தியை விற்றுத் தாக்குப்பிடிக்க அடி போடத் தெரிந்த ஒரு நாத்தனார் வேண்டும்.