ஐந்தாவது பொட்டு

உள்ளறையிலிருந்து 'சொய்ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் எழுமே, அந்தச் சத்தம்.

வாசலறையில் பிளாஸ்டிக் உறைகளின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்த பூமாலையின் கையில் கத்தரிக்கோல் நின்றது. லேமினேஷன் மெஷின் அப்படிக் கத்தக் கூடாது. ஈரக் காகிதம் உள்ளே போனால்தான் கத்தும்.

"என்னங்க! எதப் போட்டீங்க?"

"இந்தம்மாவோட பட்டாவத்தான்," என்றார் உள்ளேயிருந்து அவள் கணவர் அரியமுத்து. "மெஷினு ஏன் இப்புடி இரையுது?"

எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியம்மாள் விருட்டென்று எழுந்தாள். லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. கூலி வேலை செய்தே தேய்ந்த உடம்பு. புருஷன் போன பிறகு அவள் பெயருக்கு அரசாங்கம் கொடுத்த வீட்டுமனைப் பட்டா அது. மறுநாள் சர்வேயர் வந்து கல் நடப்போகிறார். காகிதத்தைக் காட்டினால்தான் கல். அவள் குடிசை மழைக்கு ஒழுகுவது. அதனால்தான் காகிதம் நனையாமல் உறை போட்டுவிட, புருஷனின் தம்பி மாயவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்திருந்தாள்.

"என் காயிதத்துக்கு என்னா ஆச்சு தாயி?"

பூமாலை உள்ளே ஓடினாள்.

அவள் ஏன் அப்படி ஓடினாள் என்பது அவள் கதையைத் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும். கீழப்பழுவூரில் பிறந்தவள் பூமாலை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தாள். ஓர் ஐப்பசி மழையில் கூரை சரிந்தது. தகரப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் நீல மை கரைந்து கூழாகிக் கிடந்தது. நர்ஸ் பயிற்சிக்குப் போன இடத்தில், "இது என்னம்மா, துடைக்கிற துணியா?" என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். அன்றைக்கு விழுந்த அடி அவளுக்கு ஆறவே இல்லை.

பதினைந்து வருஷம் கழித்து, எண்பத்தாறில், திருச்சியில் ஒரு கடை வாசலில் லேமினேஷன் மெஷினை முதன்முதலாகப் பார்த்தபோது அங்கேயே அழுதாள். கடைக்காரர் அடையாள அட்டை மட்டும் போடும் சின்ன மெஷினைக் காட்டினார். அவள் கேட்கவில்லை. முழுக் காகிதமும் மடங்காமல் போகும் அகல மெஷின்தான் வேண்டும், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். உறை எடுக்கும்போது இரண்டு துண்டைச் சூட்டில் ஒட்டித் தரச் சொல்லி, இரண்டையும் கிழித்துப் பார்த்தாள். மெல்லியது கிழிந்தது. தடித்தது கிழியவே இல்லை.

"எனக்கு இதுதாங்க," என்றாள். அந்த மெஷினைத்தான் பெரம்பலூரில் வீட்டு உள்ளறையில் வைத்துத் தொழில் நடத்தினாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு ஏழையின் காகிதம் கெடுவதா?

உறை மெஷினின் உருளைகளைத் தாண்டி வெளியே வந்திருந்தது. பூமாலை அதை எடுத்தாள். 

காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமப் பொட்டு இருந்தது. அதில் அதிசயம் இல்லை. புதுக் காகிதம் என்றால் எல்லார் வீட்டிலும் சாமி முன்னால் வைத்துப் பொட்டு வைப்பார்கள். அதற்காகவே பூமாலை எந்தக் காகிதத்தையும் துணியால் ஒற்றி, உலர்த்தி, பிறகுதான் உறையில் வைப்பாள். இன்றைக்கு அவசர வேலை என்று கணவர் கையில் விட்டிருந்தாள்.

ஆனால் இது என்ன? அடியில், தாசில்தார் கையெழுத்தின் மேலேயே, ஐந்தாவதாக ஒரு பொட்டு! ஈரம் ஆவியாகி உறை கொப்புளமாக உப்பியிருந்தது. குங்குமம் உருகிப் பரவி, கையெழுத்தை ஒரே சிவப்பாக விழுங்கியிருந்தது.

"பிரிச்சு எடுத்துடலாமா?" என்றார் அரியமுத்து.

"பிரிச்சா மையும் சேந்து உரிஞ்சு வந்துடுங்க."

வாசலறைக்கு அதைக் கொண்டுவந்தாள். கொளஞ்சியம்மாள் பார்த்தாள். அப்படியே பெஞ்சில் சரிந்தாள்.

"அக்கா, கையெழுத்து மேல போயி ஏங்க்கா பொட்டு வச்சீங்க?"

"கையெழுத்து மேலயா? நாலு மூலையிலதான் வச்சேன். காலையில கோயில்ல வச்சது. அப்பவே காஞ்சுடுச்சே!"

"மத்த நாலும் காஞ்சுதான் இருக்கு. இது இப்பத்தான் வச்சது. தண்ணியில கொழச்சு வச்சிருக்கு."



கொளஞ்சியம்மாளின் பார்வை மெல்லத் திரும்பியது. பஸ்ஸில் அவள் கண்ணயர்ந்தபோது காகிதமும் கோயில் குங்குமப் பொட்டலமும் யார் மடியில் இருந்தன? இங்கே வந்ததும், "நேரா உள்ள குடுத்துடுறேன் அண்ணி" என்று வாங்கிப் போனது யார்? பக்கத்தில் நின்ற மாயவன் கையை வேட்டி மடிப்புக்குள் இழுத்தான். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது.

"தம்பி... நீயா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளை உலுக்கிவிட்டது.

"கெட்டது கெட்டுப்போச்சு அண்ணி. பொம்பள பேர்ல மனை எதுக்கு? புதுசா எம்பேருக்கு எழுதி வாங்கிட்டா வூட்ட நான் கட்டமாட்டனா? ஒங்களுக்கு ஒரு மூலை இல்லாமயா போயிடும்?"

பூமாலை அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. உறையைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். 

"அக்கா! இங்க பாருங்க!"

தாசில்தார் பச்சை மையில் அழுத்திப் போட்ட கையெழுத்து காகிதத்தின் முதுகு வரைக்கும் ஊறியிருந்தது. இடம் வலம் மாறி, ஒரு கோடு குறையாமல் தெரிந்தது. முன்பக்கம் கொளஞ்சியம்மாளின் பெயரும் சர்வே எண்ணும் பளிச்சென்று இருந்தன.

"தாலுகா ஆபீஸ்ல இத வச்சு ஒத்துப் பாத்துச் சொல்லிடுவாங்க. நடந்துபோற தூரந்தான். எங்க வூட்டுக்காரரு ஒங்ககூட வருவாரு."

அந்த வார்த்தை முடியவில்லை. மாயவன் பாய்ந்து வந்து உறையைப் பிடுங்கினான். இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தான்.

கிழியவில்லை.

முறுக்கினான். உறை வெள்ளைக் கோடாக மடிந்து, மறுபடி நிமிர்ந்தது. வெறி பிடித்தவன் போல ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடித்து இழுத்தான். அண்ணன் பெண்டாட்டியின் கண்ணெதிரே, அவள் வீட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றான்!

அரியமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி உறையை வாங்கினார். ஓரத்தில் இரண்டு பல் தடம். அவ்வளவுதான்.

கொளஞ்சியம்மாள் அழவில்லை. அழுகை வரும் இடத்தையெல்லாம் அதிர்ச்சி அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒங்கண்ணன் பொணம் கெடக்கையில ஒன்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, எனக்கு நீதாண்டா புள்ளைன்னு சொன்னேன். அந்தக் கையாடா இது?"

மாயவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரீங்களா, இல்லியா அண்ணி?"

"நீ போ. எனக்கு இங்க வேல இருக்கு."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பூமாலை உறையைக் கொளஞ்சியம்மாளின் மடியில் வைத்துவிட்டு, போய்க் கதவை அகலத் திறந்து பிடித்தாள். அவன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.