ஆம்புலன்ஸ் கேட்ட பூஜ்ஜியம்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பியூனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. பிள்ளைகள் வைத்த பெயர் ஆம்புலன்ஸ். அவரிடம் இருப்பது ஒரு பழைய சைக்கிள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையைக் கேரியரில் உட்காரவைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் அவருடைய முக்கிய வேலை. மணி அடிப்பது, கதவு பூட்டுவது எல்லாம் இடையில் ஒழிந்த நேரத்தில் நடக்கும்.

வேலைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டித் தண்ணீர் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம். குடித்த பிள்ளைக்கு வயிறு கலங்கும். குடிக்காத பிள்ளைக்குத் தலை வலிக்கும். பெரிய வகுப்புப் பெண்கள் எல்லாரும் குடிக்காத கட்சி. மூன்று மணிக்கு மேல் அவர்களில் பாதிப் பேர் மேசையில் தலை சாய்த்துவிடுவார்கள். கடைசி வகுப்பு என்னுடையது, கணக்கு. அவர்கள் தூங்குவது என் பாடத்தின் மகிமையால்தான் என்று பல வருடம் மனசுக்குள் அழுதிருக்கிறேன்.

ஆம்புலன்ஸுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு சவாரி உறுதி. வலி நிஜமா நடிப்பா என்று கண்டுபிடிக்க அவருக்கு எந்த டாக்டரும் தேவையில்லை. கேரியரில் ஏற்றி நாலு மிதி மிதிப்பார். நிஜ வலி என்றால் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். நடிப்பு என்றால் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தவனை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வகுப்பு வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார். மற்றவர்களை வீட்டில் விட்டால் அங்கே ஒரு டீ கிடைக்கும். நாலு பிள்ளை படுத்தால் நாலு டீ. சாயங்காலம் மனைவி போட்ட டீயை வேண்டாம் என்று சொல்லி அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்களுக்குக் கணக்கில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் வேலை தற்காலிகம். ஆண்டுதோறும் எங்கள் தலைமை ஆசிரியை மேலிடத்துக்கு ஒரு படிவம் அனுப்புவார். நோய்வாய்ப்பட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்ட மாணவர் எத்தனை பேர் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். எண் பெரிதாக இருக்கும், வேலை நீளும். பதினொரு வருடம் இப்படியே ஓடிவிட்டது.

போன வருடம் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். எவர்சில்வர் தொட்டி, நாலு குழாய். பொருத்த வந்தவர் சனிக்கிழமைதோறும் தொட்டியைத் தேய்த்துக் கழுவ வேண்டும், வடிகட்டியைக் கழற்றி அலச வேண்டும் என்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. குழாயில் வாய் வைத்தவன் காதைத் திருகினார். தலைமை ஆசிரியை ஒருநாள் சாக்பீஸ் கையை அங்கே கழுவப் போக, இது குடிக்கிற குழாய், கை கழுவக் கொல்லைப்புறம் போங்கள் என்று அவரையே விரட்டினார். அந்த அம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே போனார். எனக்கு அன்று முழுவதும் நல்ல பொழுது.

என் நல்ல பொழுது அதோடு சரி. எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வருகைப் பதிவேட்டில் போடும் கோடாக மட்டுமே எனக்கு அவளைத் தெரியும். வாரத்தில் பாதி நாள் வயிற்றுவலி. இப்போது தினமும் வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் நான் போடும் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தாள், வாரத்துக்கு இரண்டு. அவள் அம்மா என்னைக் கடைவீதியில் பார்த்து, என் பொண்ணு இப்ப ஒரு நாளும் லீவு போடுறதில்ல டீச்சர் என்று பூரித்தபோது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். கடைசி வகுப்பில் ஒருத்தியும் தூங்குவதில்லை. இருபது வருட அனுபவத்தில் முதல் தடவையாக, பாடத்தை வீட்டில் படித்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

சைக்கிள் சுவரோரம் நின்றது. ஆம்புலன்ஸ் வராந்தாவில் நின்று, போகிற வருகிற பிள்ளைகளிடம், வயிறு ஏதாவது பண்ணுதா என்று கேட்பார். இல்ல மாமா என்று ஓடிவிடுவார்கள். அந்த முகத்தில் தெரிந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை.

அப்போதுதான் படிவம் வந்தது. தலைமை ஆசிரியை அதை என்னிடம் நீட்டி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, பாத்து எழுதுங்க என்றார். எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டுக்கு அழைத்துப்போன பிள்ளைகளின் பதிவேட்டில் இந்த ஆண்டு ஒரு பெயர்கூட இல்லை. உள்ளதை எழுதினால் ஆம்புலன்ஸ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் கட்டத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினேன். முப்பது என்றால் சந்தேகப்படுவார்கள் அல்லவா, நான் கணக்கு டீச்சர்.

தபாலில் போடுவதற்காக அதை வாங்கிப் பார்த்த ஆம்புலன்ஸின் முகம் சிவந்துவிட்டது.

"முப்பத்திரண்டு பேரா? எந்தப் பிள்ளைங்க டீச்சர்?"

உங்களுக்காகத்தான் என்று நான் இழுத்தேன்.

"போன சனிக்கிழமை கழுவாம விட்டுடலாமான்னு அந்தத் தொட்டிகிட்ட அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒரே ஒரு வாரம். நாலு பிள்ளைக்காவது வயிறு வலிச்சா என் வேலை நிக்கும். எந்த நாலுன்னு யோசிச்சுப் பாத்தேன். எல்லா வீடும் எனக்குத் தெரியுமே டீச்சர். எந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?" படிவத்தை என் மேசைமேல் வைத்தார். "எந்திரிச்சு, எப்பவும் தேய்க்கிறதவிட ரெண்டு மடங்கு தேய்ச்சேன். நீங்க இப்ப முப்பத்திரண்டு பேரைப் படுக்க வச்சுட்டீங்க. பூஜ்ஜியம்னு போடுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடித்துவிட்டுப் பூஜ்ஜியம் போட்டேன். எத்தனையோ பூஜ்ஜியங்களைப் பிள்ளைகளின் தாளில் கூசாமல் போட்டவள். இதை மட்டும் வளையம் சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் படிவம் திரும்பி வந்தது. எந்தப் பள்ளியிலிருந்தும் அந்தக் கட்டத்தில் அப்படி ஒன்று வந்ததே இல்லையாம். விவரம் பூர்த்தி செய்யப்படவில்லை, முறையாக நிரப்பி அனுப்பவும், அதுவரை தற்போதைய நிலையே தொடரும் என்று எழுதியிருந்தார்கள். மறுபடி பூஜ்ஜியம் போட்டு அனுப்பினோம். மறுபடி திரும்பி வந்தது. இப்போது ஐந்தாவது தடவை. தலைமை ஆசிரியையும் நானும் படிவத்தைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறோம்.

ஆம்புலன்ஸுக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை. தான் தேய்த்த தொட்டியை யாரோ நம்ப மறுக்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரம். நேற்றுகூட என் மேசைக்கு எதிரே நின்று, "இந்தத் தடவையாவது பெருசாப் போடுங்க டீச்சர், அவங்க கண்ணுக்குத் தெரியற மாதிரி" என்றார்.

கட்டம் நிறையப் போட்டேன்.