இரத்தத்தில் மிஞ்சிய குளிசை

தைல வாசம் வந்தால் எனக்கு மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் கூட்டாய் இருந்த அறைதான் நினைவுக்கு வரும். இப்போதும் மெத்ரோ ரயிலில் யாராவது கழுத்துக்குப் பூசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், லா சப்பலில் ஓர் உணவகச் சமையலறையில் என்னோடு வேலை செய்தவன் அவன். வீடு தூரத்தில், ஓல்னேயில். வேலை முடியக் கடைசி ரயில் போய்விடும். வாரநாட்களில் எங்கள் அறையிலேயே படுப்பான். முதுகுக்குத் தைலம், கையில் போகாத வெங்காய மணம், பிறகு பகிடி. விளக்கை அணைத்த பின்னும் சிரித்துக்கொண்டிருப்போம்.

ஒரு மாரிகாலக் காலை அவன் எழும்பவில்லை. தலைமாட்டில் நோவுக்குப் போடும் குளிசையின் வெறும் அட்டை. எங்கள் அறையில் ஒருவனுக்கு எழுதிய குளிசை எல்லோருக்கும் மருந்து. அந்த அட்டையை நாங்கள் எல்லோருமாகத்தான் காலி செய்திருந்தோம். பொலிசுக்குச் சொன்னோம். அவன் மனைவிக்கும் சொன்னோம்.

"கூட்டாளியைக் காப்பாத்துறியள் அண்ணை," என்றாள். அவன் சாகவென்றே எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கினான் என்று நினைத்தாள்.

முதல்நாள் பின்னேரம் தொலைபேசியில் அவர்கள் இருவருக்கும் சண்டை. "இனி வீட்டுப்பக்கம் வராதேங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் நின்று கேட்ட மகள், செத்தவீட்டுக்குப் பிறகு தாயோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரப் பல வாரங்கள் ஆயின. அவளுக்கு மொழிபெயர்க்க நானும் போனேன். அங்கிருந்த பெண் மருத்துவர் நிதானமாகச் சொன்னார். விழுங்கிய மருந்து அப்படியே இரத்தத்தில் கிடப்பதில்லை. ஈரல் அதை மெல்ல மெல்ல வேறொன்றாக மாற்றும். மருந்தையும் மாறியதையும் தனித்தனியே அளந்திருக்கிறார்கள். அள்ளி விழுங்கி இறந்தவரிடம் மருந்து குவிந்து கிடக்கும். மாறியது கொஞ்சமாகவே இருக்கும். இவனிடம் இரண்டுமே, நோவுக்கு வழமையாகப் போடுகிறவர்களின் அளவுதான். இதயத்தைப் பார்த்ததில் மாரடைப்பு என்று தெரிந்திருக்கிறது.

நான் சொல்லி முடிக்கமுன் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தாள் தானாச் சாகேல்லையோ? திருப்பிக் கேளுங்கோ அண்ணை."

அவன் தானாகச் செத்தானா என்று கேட்டேன். மருத்துவர் என்னை விட்டு அவளைப் பார்த்து, "நொன், மதாம்," என்று இல்லையெனத் தலையாட்டினார். அதற்கு நான் தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் அழுகையோடு ஒரு சிரிப்பும் வந்தது அவளுக்கு. "ஒரு குளிசைக்கே ரெண்டு கோப்பை தண்ணி கேக்கிற மனிசன் அண்ணை! நான் என்னத்தை எல்லாம் நினைச்சுப்போட்டன்."

அவன் இல்லாத இந்த ஆண்டுகளில், அன்றிரவு நோ ஆறட்டும் என்றுதான் படுத்தான், விடிந்தால் எழும்ப நினைத்தே படுத்தான் என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நானும் நடக்கிறேன்.

அன்று கார் து நோர் நிலையத்தில் அவளை ரயிலேற்றிவிட்டேன். கதவு மூடும் சத்தம் கேட்டதும் சட்டென்று திரும்பினாள்.

"அண்ணை, ஈரலுக்குப் பிரெஞ்சிலை என்ன சொல்லுறது? மகளுக்கு அந்தத் தமிழ்ச் சொல் தெரியாது, இண்டைக்கே எல்லாம் விளங்கச் சொல்லவேணும்."