கொஞ்சம் குட்டையான ஸ்பிரிங்

என் கணவர் சிகரெட்டை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. இருதயக் குழாயில் அடைப்பெடுத்து வீட்டுக்கு அனுப்பிய டொக்டர், இனிப் புகைக்கவே கூடாது என்று பிரெஞ்சில் ஒருதரமும் ஆங்கிலத்தில் ஒருதரமும் சொல்லியிருந்தார். இவர் இரண்டு தரமும் தலையாட்டினார். பிறகு தன்னோடு சமையலறையில் வேலை செய்யும் ஒருவரிடமிருந்து சிகரெட்டுக்குப் பதிலாக ஆவி இழுக்கிற ஒரு பழைய 'வேப்'பை வாங்கிக்கொண்டு வந்தார்.

அது ஒரு பித்தளைக் குழாய். உள்ளே ஒரு பற்றரி, மேலே கம்பிச் சுருள் உள்ள தலை, அடியில் ஒரு பொத்தான். அவ்வளவுதான். பொத்தானை அமத்தினால் மின்சாரம் ஓடும், விட்டால் நிற்கும். சூடு கூடினால் தானாக நிறுத்துகிற சில்லு எதுவும் அதற்குள் இல்லை. எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் அவர் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்.

ஜனவரியில் அது மக்கர் பண்ணத் தொடங்கியது. பத்துத் தரம் அமத்தினால் ஒருதரம் வேலை செய்யும். கார்த் தரிப்பிடத்தில் நின்று அதைக் கைவிரலால் குத்திக் குத்திப் பார்ப்பார். ஒரு மாலை வேலையால் வந்தவரின் கோட்டில் சிகரெட் மணம்.

"ஒண்டுதான்," என்றார் நான் கேட்கும் முன்பே. "அந்தச் சாமான் வேலை செய்யேல்லை."

"தாங்கோ, நான் பாக்கிறன்," என்றேன்.

நான் பதினொரு வருடமாக ஒரு தொழிற்சாலையில் சுவிட்சுகளைச் சோதிக்கிறவள். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான சுவிட்சுகள் என் கையால் போகும். இதைத் திருத்துவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

சமையலறை மேசையில் பழைய துவாயை விரித்துக் கழற்றினேன். மீற்றரை வைத்துப் பார்த்தேன். பற்றரி நல்ல நிலையில் இருந்தது. பொத்தானை அமத்திக்கொண்டு மேல்முனையில் பார்த்தால் முள் ஒருதரம் ஏறியது, ஒருதரம் அசையவே இல்லை. ஆக, கோளாறு இடையில். தலையைத் திருகிப் பூட்டும் மரைகளில் இனிப்புத் திரவம் கசிந்து கறுப்புப் பிசினாக இறுகியிருந்தது. மதுசாரத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பற்றரியின் அடியைத் தொடும் பித்தளைப் பொட்டு பொறி பட்டுக் கருகியிருந்தது. பென்சில் அழிறப்பரால் தேய்த்து மினுக்கினேன். கடைசியாக ஸ்பிரிங். சூட்டில் இளகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதனால்தான் பொத்தான் கோணலாகப் போய்ச் சில வேளை தொட்டது, சில வேளை தொடவில்லை.

என் பெட்டியில் கிடந்த ஸ்பிரிங்குகளில் ஒன்று கிட்டத்தட்டப் பொருந்தியது. தடிப்பு அதே தடிப்பு. கொஞ்சம் குட்டை.

பூட்டிய பிறகு பொத்தான் லேசாகத் தொட்டாலே பிடித்தது. அதைத் தற்செயலாக அமரவிடாமல் தடுக்க ஒரு பூட்டு வளையம் இருக்கிறது. அதைத் திருகிவிட்டுப் பெருவிரலால் பலமாக அழுத்தினேன். பொத்தான் மயிரிழை அளவு உள்ளே போனது. போகக்கூடாது. தொழிற்சாலையில் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியிருப்பேன். திரும்பக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து கையிலிருந்து வாங்கிவிட்டார்.

"முதல் தரமே பிடிக்குது," என்றார். முகம் மலர்ந்திருந்தது. "நீர் கெட்டிக்காரிதான்."

சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலுக்குப் போய்ப் பனிச் சப்பாத்துகள் வாங்கிக்கொண்டு மெற்றோ ரயிலில் திரும்பினோம். பெட்டிக்குள் நெருக்கம். அவர் கதவோரம் நின்றார். சப்பாத்துப் பெட்டிகள் வைத்த பையைச் சனத்துக்குள் தன் கோட்டுப் பொக்கற்றுக்கு மேலே உடம்போடு அணைத்துப் பிடித்திருந்தார். ரயில் ஆற்றுக்குக் கீழே சுரங்கத்துக்குள் இறங்கியதும் எனக்குப் பஞ்சு எரிகிற மணம் வந்தது.

"இஞ்சேருங்கோ, உங்கடை பொக்கற்றுக்கை என்ன?"

அவர் பொக்கற்றுக்குள் கையை விட்டுக் குழாயைப் பிடித்தார். உடனே வெளியே எடுத்தார். "சுடுது. அமத்தினபடி நிக்குது. வெளிய வருகுதில்லை."

பையை நான் வாங்கிக் கீழே போட்டேன். பொத்தான் குழாய்க்குள் அப்படியே அமர்ந்திருந்தது; மேல்முனை சீறிப் புகைத்தது. சூட்டில் ஸ்பிரிங் படுத்துவிட்டது என்று பார்த்த உடனே விளங்கியது. பக்கத்தில் ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்றாள். புகையைக் கண்டதும் வண்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போகப் பார்த்தாள். போக இடமில்லை.

"தலையைக் கழட்டுங்கோ. தலை கழண்டால் மின் நிக்கும்."

"பிடிக்கேலாமல் கிடக்கு."

கழுத்திலிருந்த கம்பளிச் சால்வையை உருவிக் குழாயின் தலையைச் சுற்றிப் பிடித்தேன். அவர் கையுறையோடு அடிப்பக்கத்தைப் பிடித்தார். ஒரு சுற்று. இரண்டு. கம்பளிக்கு ஊடாகவும் விரல் சுட்டது. மரை மிக நுண்ணிய மரை. நான் துடைத்துச் சுத்தமாக்கிய மரை என்பதால் இறுகாமல் சுழன்றது. ஆனாலும் முடிவதாக இல்லை. ஐந்து. ஆறு. அவர் மூச்சுவிடும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த இருதயத்தைப் பற்றியும் பயந்தேன். ஏழாவது சுற்றில் சீறல் நின்றது. தலை சால்வைக்குள் கழன்று விழுந்தது.

பற்றரி இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. வெடிக்குமா வெடிக்காதா என்று எனக்குத் தெரியாது. கதவு திறக்கும் வரை அவர் குழாயைக் கையை நீட்டித் தன் உடம்பிலிருந்தும் எல்லோரிடமிருந்தும் தள்ளிப் பிடித்திருந்தார். நிலையம் வந்ததும் இறங்கி, மேடையின் கோடியில், சனமில்லாத இடத்துச் சீமெந்துத் தரையில் வைத்தோம். நான் ஓடிப்போய் ஊழியர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அந்த ஊழியர் சனத்தை விலக்கி நிறுத்தினார். அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல ஆறியது.

என்ன நடந்தது என்று ஊழியர் பிரெஞ்சில் கேட்டார். நான் வாய் திறக்கும் முன் என் கணவர் சொன்னார், தன் பிழைதான், தான் சரியாகப் பூட்டவில்லை என்று. இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டார். நான் பேசாமல் நின்றேன்.

மேலே தெருவுக்கு வந்ததும், பனிக்குள் நடந்துகொண்டே சொன்னேன். "உங்கடை பிழையில்லை. நான் போட்ட ஸ்பிரிங் அளவில்லை. வளையம் பூட்டேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

அவர் நின்றார். "தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் தந்தனீர்?"

"நீங்கள் திரும்பவும் சிகரெட்டுக்குப் போயிடுவியள் எண்டு பயந்தன்."

அவர் திரும்ப நடக்கத் தொடங்கினார். பிறகு, "நான் அந்த மனிசனிட்டை மன்னிப்புக் கேக்கேக்கையாவது சொல்லியிருக்கலாம்," என்றார்.

வீட்டு மூலையிலிருக்கும் தெப்பனர் பெட்டிக்கடைக்குள் அவர் போனார். நான் வாசலில் நின்றேன். தடுக்கிற உரிமை எனக்கு இருப்பதாகப் படவில்லை. சிகரெட் பெட்டியோடுதான் வெளியே வந்தார். பல்கனியில் ஒன்றைப் பற்றவைத்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் இருமல் வந்து அணைத்தார்.

திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரியோடு கதைத்து தோலில் ஒட்டுகிற நிக்கொட்டின் துண்டுகள் வாங்கிவந்தார். என்னைக் கேட்கவில்லை. குழாயையும் பற்றரியையும் நகரசபை பழைய பற்றரிகள் சேகரிக்கும் இடத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். சிகரெட் பெட்டி இரண்டு கிழமை அலுமாரிக்கு மேல் இருந்தது. ஒருநாள் பார்த்தபோது இல்லை. புகைத்து முடித்தாரா எறிந்தாரா என்று நான் கேட்கவில்லை. கோட்டில் மணம் வரவில்லை.

மார்ச்சில் வீட்டு அழைப்புமணி வேலை செய்யாமல் போனது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அவர் பின்னால் வந்து நின்றார். நான் வயரைக் கழற்றிப் பூட்டி முடிக்கும் வரை அசையவில்லை. பிறகு தானே பொத்தானை நாலு தரம் அமத்திப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.